வாய்மேல் வைத்த கை

கொசப்பாளையம், ஆரணி
10 ஜூன் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

"போகாத கையைப் போன மாதிரி வரைஞ்சிகிறானே, இது பொய் இல்லியா டீச்சர்?" என்று அண்ணி ஒருமுறை என்னைக் கேட்டார். கேலி செய்ய நினைத்தால் மட்டும் என்னை டீச்சர் என்பார். மற்ற நேரங்களில் திலகாதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. அண்ணி என் வீட்டில் உட்கார்ந்து அவரைக்காய் கிள்ளிக்கொண்டிருந்தார். பத்தாம் வகுப்புக்குக் காட்டுவதற்காக நான் எடுத்து வைத்திருந்த ஓவியப் படங்களில் ஒன்றைத்தான் சொன்னார். கிர்ஷ்னர் என்ற ஜெர்மன்காரர் தன்னைத்தானே வரைந்த படம். முதல் உலகப் போரில் பட்டாளத்தில் சேர்ந்து, மனம் உடைந்து திரும்பியவர். படத்தில் ராணுவ உடையில் நிற்கிறார். வலது கை மணிக்கட்டோடு வெட்டுப்பட்டிருக்கிறது. நிஜத்தில் அவருடைய கைக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்தப் படத்தை வரைந்ததே அந்தக் கைதான்.

வகுப்பில் சொல்வதையே அண்ணிக்கும் சொன்னேன். "தலைவலி வந்தா தலை வெடிக்குதுன்னு சொல்றோம் அண்ணி. வெடிக்கவா செய்யுது? ஆனா அது பொய் இல்லையே. இனிமே வரையவே முடியாதுன்னு அந்த ஆளுக்குத் தோணியிருக்கு. தோணினதை வரைஞ்சுட்டார்." அண்ணி சிரித்தார். "அப்ப எனக்குத் தோணுறதை வரைஞ்சா உங்க அண்ணன் வீட்டுல செவுரு பத்தாது" என்றார்.

அண்ணா, அண்ணியின் திதியன்று நடந்ததைப் பற்றிப் பேச நான்கு முறை போன் செய்தேன். எடுக்கவில்லை. பிறகு மணியே அடிக்கவில்லை. அதனால் கடிதம். உங்கள் சைதாப்பேட்டைக்கும் என் தெருவுக்கும் நடுவே ஓர் ஆட்டோ தூரம். தபால் ஆபீஸில் இருந்த பெண், "உள்ளூருக்கா ஸ்டாம்ப் ஒட்றீங்க?" என்று கேட்டது. ஆமாம் என்றேன்.

நீங்கள் கேட்டதால்தான் அண்ணியை வரைந்தேன். துணியை விலக்கியதும் கூடத்தில் இருந்த எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். நீங்கள் படத்தைச் சுவர்ப்பக்கமாகத் திருப்பி வைத்தீர்கள். என்னை, எல்லார் எதிரிலும், "எழுந்து போ" என்றீர்கள். போய்விட்டேன். அதற்காக இதை எழுதவில்லை.

ஒன்றை மட்டும் விளக்க வேண்டும். நூறு வருடத்துக்கு முன்னால் ஜெர்மனியில் சில இளைஞர்கள், கண்ணில் படுவதை நகல் எடுப்பது தங்கள் வேலையல்ல, உள்ளே படுவதை வெளியே கொண்டுவருவதுதான் வேலை என்றார்கள். எக்ஸ்பிரஷனிசம் என்று அதற்குப் பெயர். ஃபிரான்ஸ் மார்க் என்பவர் குதிரைகளை நீல நிறத்தில் வரைந்தார். உலகத்தில் நீலக் குதிரை ஏது என்று கேட்டவர்கள் அன்றும் உண்டு. நீங்கள் கேட்கக் கூடாது. மாம்பழ நிறப் பட்டில் நீல யானை போட்டு விற்றவர் நீங்கள். வாங்கின ஒருத்தியாவது யானை ஏன் நீலம் என்று கேட்டாளா? புடவைக்கு அது பொருந்துகிறது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அவ்வளவுதான் விஷயம்.

அண்ணியின் முகத்தில் பச்சையும் மஞ்சளும் இருப்பதும், கை அவ்வளவு பெரிதாக இருப்பதும் அப்படித்தான்.

படம் பிடிக்கவில்லை என்றால் மாட்ட வேண்டாம். என்னிடம் கொடுத்துவிடுங்கள். அதில் வேறு யாரையும் தூரிகை வைக்க விடாதீர்கள். இதுதான் நான் கேட்பது.

அன்புடன்,
திலகவதி


சைதாப்பேட்டை, ஆரணி
17 ஜூன் 2024

திலகாவுக்கு,

பதில் போடுவதில்லை என்றுதான் இருந்தேன். ஹேமலதா போனில், "அத்தைக்குப் பதில் போடுங்கப்பா" என்று அழுதாள். பிள்ளைத்தாய்ச்சிப் பெண் அழக்கூடாது என்பதால் எழுதுகிறேன்.

நான் உன்னிடம் என்ன கேட்டேன்? இருபத்தைந்தாம் கல்யாண நாளுக்கு ஸ்டுடியோவில் எடுத்த போட்டோவைக் கொடுத்தேன். அதில் கற்பகம் லட்சணமாக இருக்கிறாள். அதைப் பார்த்துப் பெரிதாக வரைந்து கொடு, ஒரு வருடத் திதிக்குத் திறக்க வேண்டும் என்றேன். நீ கொடுத்தது என்ன? காமாலை கண்ட முகம். அடுப்பங்கரையில் புகை தாங்காமல் நிற்கிறவள் மாதிரி வாயைப் பொத்திக்கொண்டு ஒரு கை. கையா அது? முறம் மாதிரி இருக்கிறது, செக்கச்செவேலென்று.

நீ போன பிறகு நடந்தது உனக்குத் தெரியாது. பங்காளி இளவரசன் சொல்கிறான்: "டீச்சர் கண்ணுக்கு ஆபரேஷன் பண்ணிகினதுல இருந்து கலரே தெரியல போலகீது." எல்லாரும் சிரித்தார்கள். சேத்துப்பட்டுச் சம்பந்தியம்மா மெதுவாக என்னிடம் வந்து, "இது யாருங்க, வேற படம் மாத்தி எடுத்தாந்துட்டாங்களா?" என்று கேட்டார்கள். கற்பகத்தின் தம்பி அன்பழகன் நான் திருப்பி வைத்த படத்தை மறுபடி இந்தப் பக்கம் திருப்பி, அதன் எதிரே நின்றான், நின்றான், இலையில் உட்காராமலே தேசூர் பஸ் ஏறிவிட்டான். அவனுக்கு என்ன புரிந்ததோ.

புடவையில் நீல யானை போட்டேன்தான். அதற்கு யாரும் மாலை போட்டு விளக்கேற்றிக் கும்பிடுவதில்லை.

என் எதிரில் கற்பகம் ஒருநாளும் வாயைப் பொத்தியதில்லை. கூட வாழ்ந்தவன் சொல்கிறேன். உன் படம் பொய்.

ஆவணியில் ஹேமாவுக்கு இங்கே வளைகாப்பு. முதல் வளையலைத் தாயார் படத்தின் முன் வைத்துத்தான் எடுக்க வேண்டும். அதற்குள் படத்தைச் சரிசெய்யச் சொல்லியிருக்கிறேன். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் பிளக்ஸ் கடை வைத்திருக்கிற விக்னேஷ் முன்பு பேனர் வரைந்தவன். அதே துணியில் கையை அழித்துவிட்டு உதட்டைப் போட்டுத் தருகிறேன் என்கிறான். முகத்தையும் கொஞ்சம் சிவப்பாக்கிவிடுவான்.

வீரபாகு


கொசப்பாளையம்
24 ஜூன் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

கோபத்தில் எழுதியிருந்தாலும் எழுதினீர்களே, அதுவே நல்லது.

இளவரசன் சொன்னதைப் படித்து நானும் சிரித்துவிட்டேன். ஆபரேஷனுக்குப் பிறகு எனக்கு நிறங்கள் கூடுதலாகத்தான் தெரிகின்றன.

முதலில் பச்சைக்குப் பதில். உங்கள் கூடத்தில், உள்தறிக்குப் போகிற வழியில், அண்ணி எப்போதும் உட்காருகிற இடம் நினைவிருக்கிறதா? மேலே டியூப்லைட், பக்கத்தில் பச்சை பெயின்ட் அடித்த சுவர். பகலிலும் அந்த விளக்கு எரியும். நான் வரும்போதெல்லாம் அந்த வெளிச்சத்தில்தான் அவர் முகத்தைப் பார்த்தேன். ஸ்டுடியோக்காரன் வெள்ளை விளக்கில் ஒரு நிமிடம் பார்த்தான். யார் பார்த்தது நிஜம் என்று நான் சண்டை போடவில்லை. நான் பார்த்தது இது.

இப்படி வரைந்து ஏச்சு வாங்குவது எனக்கு முன்னால் பெரியவர்களுக்கே நடந்திருக்கிறது. நார்வே நாட்டில் எட்வர்ட் மங்க். ஜெர்மன்காரர்களுக்கு இவர்தான் முன்னோடி. அவருடைய அக்கா சோஃபி பதினைந்து வயதில் காசநோயில் இறந்தாள். பல வருடம் கழித்து அவள் படுக்கையில் சாய்ந்திருப்பதை வரைந்தார். நினைவில் இருந்த முகம் வரவில்லை. பெயின்டைச் சுரண்டுவார், மறுபடி பூசுவார், மறுபடி சுரண்டுவார். துணியெல்லாம் கீறல். கண்காட்சியில் வைத்தபோது ஜனங்கள் முன்னால் நின்று சிரித்தார்கள், முடிக்காத படத்தை மாட்டிவிட்டான் என்று. அந்த ஒரே காட்சியை நாற்பது வருடம் திரும்பத் திரும்ப வரைந்தார். ஒரு போட்டோ போதும் என்றால் அவர் ஏன் அந்தப் பாடு படவேண்டும்?

காத்தே கோல்விட்ஸ் என்று ஒரு அம்மா. எக்ஸ்பிரஷனிசக்காரர்களோடு அவரைச் சேர்ப்பதா வேண்டாமா என்று படித்தவர்கள் சண்டை போடுவார்கள். நான் வகுப்பில் சேர்த்துத்தான் சொல்வேன். போரில் மகன் செத்தான். அவன் கல்லறைக்குச் சிலை செய்ய உட்கார்ந்தவர் பதினெட்டு வருடம் எடுத்துக்கொண்டார். கடைசியில் மகன் அதில் இல்லை. தாயும் தகப்பனும் தனித்தனிக் கல்லில் மண்டியிட்டிருக்கிறார்கள். ஒருவரை ஒருவர் தொடவில்லை, பார்க்கவில்லை. துக்கம் வந்த வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் அப்படித்தான் ஆகிவிடுகிறார்கள் என்று அதைப் பார்த்துத்தான் நான் புரிந்துகொண்டேன்.

இனி கை. அண்ணி சிரிக்கும்போது வலது கை தானாக வாய்க்குப் போகும். சின்னச் சிரிப்புக்கும் போகும். ஒருமுறை தேங்காய் துருவிக்கொண்டே சிரித்து, துருவல் மூக்கெல்லாம் ஒட்டிக்கொண்டது. பக்கத்து வீட்டில் கேட்டால் சொல்வார்கள், மளிகைக் கடையில் சொல்வார்கள். உங்கள் எதிரில் அவர் வாயைப் பொத்தியதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அதை இரண்டு முறை படித்தேன். அதைப் பற்றி ஒன்றும் எழுத வேண்டாம் என்று விட்டுவிடுகிறேன்.

முறம் மாதிரி கை என்றீர்கள். சரியான உவமை. அவர் முகத்தை நினைத்தால் எனக்கு முதலில் வருவது கைதான். அதனால் அது பெரிது.

1937இல் ஜெர்மன் அரசாங்கம் இந்த ஓவியர்களின் படங்களை மியூசியங்களிலிருந்து ஆயிரக்கணக்கில் கழற்றியது. கேலி செய்வதற்கென்றே ஒரு கண்காட்சி வைத்தது. கோணலாக மாட்டி, சுவரில் வசை எழுதி வைத்தார்கள். ஜனங்கள் வரிசையில் நின்று பார்த்துச் சிரித்தார்கள். மறு வருடம் கிர்ஷ்னர் தன்னைச் சுட்டுக்கொண்டார். அந்த அரசாங்கத்துக்கும் ஒரு நியாயம் இருந்தது: மனிதன் பார்க்க லட்சணமாக இருக்க வேண்டும்.

என்னைக் கேலி செய்யட்டும். படத்தில் கைவைக்க வேண்டாம், அண்ணா. வளைகாப்புக்கு ஸ்டுடியோ போட்டோவையே பெரிதாக்கி வையுங்கள். என்னுடையதை எனக்குத் திருப்பிக் கொடுங்கள்.

திலகவதி


சைதாப்பேட்டை
3 ஜூலை 2024

திலகா,

ஊர் உலகத்துப் பைத்தியக்காரன் கதையெல்லாம் எனக்கு எதற்கு? ரிட்டயர் ஆகியும் உனக்கு வகுப்பு எடுக்கிற வியாதி போகவில்லை. எனக்கு வகுப்பு வேண்டாம்.

நேரடியாகக் கேட்கிறேன். கற்பகம் உன்னிடம் சொன்னாளா?

சொல்லியிருந்தால் என் முகத்துக்கு நேராக வந்து கேட்டிருக்க வேண்டும். அவள் உயிரோடு இருந்தபோதே கேட்டிருக்க வேண்டும். அதை விட்டுவிட்டு, செத்த பிறகு படமாகப் போட்டு, பங்காளி சம்பந்தி எல்லாரையும் உட்கார வைத்துத் துணியை விலக்குவது என்ன மாதிரி வேலை? அன்பழகன் ஏன் சாப்பிடாமல் போனான் என்று இப்போது புரிகிறது. அவனிடமும் சொல்லியிருப்பாய்.

அது நடந்தபோது ஹேமா கைக்குழந்தை. அன்றைக்குத் தறியில் பாவு நூல் அறுந்துபோய் ஒரு முகூர்த்தப் புடவை வீணாகியிருந்தது. நான் பேஜாரில் இருந்தேன். அவள் வாய் ஓயவில்லை. ஊடுநூல் ஓட்டுகிற நாடாக்கட்டை கையில் இருந்தது, எறிந்தேன். அவள்மேல் எறியவில்லை. தறிப்பக்கம்தான் எறிந்தேன். அவள் குறுக்கே வந்தாள். ஒரு பல். உலகத்தில் யார் வீட்டிலும் நடக்காததா? மறுநாளே டாக்டரிடம் அழைத்துப் போனேன். அதற்குப் பிறகு அவள்மேல் ஒரு விரல் பட்டதில்லை. அதை யாரும் படம் வரைய மாட்டார்கள்.

விக்னேஷ் அடுத்த வாரம் வந்து எடுத்துப் போகிறான். இனி இதைப் பற்றி எழுதாதே.

வீரபாகு


கொசப்பாளையம்
8 ஜூலை 2024

அண்ணனுக்கு,

அண்ணி என்னிடம் எதையும் சொல்லவில்லை. அன்பழகனிடம் நான் எதையும் சொல்லவில்லை. சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. கிணற்றடியில் வழுக்கி விழுந்து பல் போயிற்று என்று அன்று எனக்குச் சொன்னவர் நீங்கள். போன வெள்ளிக்கிழமை உங்கள் கடிதம் வரும்வரை அதைத்தான் நம்பிக்கொண்டிருந்தேன்.

நான் வரைந்தபோது எனக்குத் தெரியாது. நீங்கள் நம்ப வேண்டும் என்று இதைச் சொல்லவில்லை. தெரிந்திருந்தால் வேறு மாதிரி வரைந்திருப்பேன். இன்னும் மோசமாக வரைந்திருப்பேன். கோபம் கலந்திருக்கும், உங்கள் முகமும் அதில் எங்காவது வந்திருக்கும். இந்தப் படத்தில் கோபம் இல்லை. சிரிக்கப் போகிற ஒரு பெண்பிள்ளை கையைத் தூக்குகிறாள், அவ்வளவுதான். மற்றதை அந்தக் கூடத்தில் உட்கார்ந்து நீங்கள்தான் பார்த்தீர்கள். இருபத்தெட்டு பேர் காமாலையைப் பார்த்தார்கள், நீங்கள் ஒருவர் நாடாக்கட்டையைப் பார்த்தீர்கள்.

இந்தக் கடிதத்தை மூன்று நாளாக எழுதிக் கிழிக்கிறேன். எப்போதும் எனக்கு ஓர் உதாரணம் கிடைக்கும். இதற்குக் கிடைக்கவில்லை.

ஒன்று மட்டும் சொல்கிறேன். வேலூரில் நல்ல பல் டாக்டர் இருக்கிறார், ஒரே நாளில் பல் கட்டிவிடுவார், வாங்க அண்ணி என்று நான் பலமுறை கூப்பிட்டிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் ஏதாவது சொல்லித் தட்டிக்கழிப்பார். கடைசி முறை சிரித்துக்கொண்டே சொன்னார்: "வேணாம் திலகா. பல்லு கட்டிகினா உங்க அண்ணனுக்கு மறந்துபூடும்." நீங்கள் அவர் விழுந்ததை நினைத்து வருத்தப்படுகிறவர் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அண்ணன் தங்கமானவர் என்றுகூட நினைத்தேன்.

உங்கள் எதிரில் அவர் வாயைப் பொத்தியதே இல்லை என்று எழுதினீர்கள். அன்று விட்டுவிட்டேன், இன்று எழுதுகிறேன். அவர் சிரிக்கும்போது மட்டும்தான் பொத்துவார். உங்கள் எதிரில் பொத்தியதில்லை என்றால் உங்கள் எதிரில் சிரித்ததில்லை. நீங்கள் பொய் சொல்லவில்லை. நானும் பொய் வரையவில்லை. ஒரே பெண்ணை நாம் இரண்டு பேரும் பார்த்திருக்கிறோம்.

விக்னேஷ் நல்ல கைகாரர்தான். அவர் உதட்டைப் போட்டால் அது சிவப்பாக, முழுதாக இருக்கும். உயிரோடு இருந்தபோது ஒருமுறை அந்த வாயில் கைவைத்தாகிவிட்டது. செத்த பிறகும் வேண்டாம்.

திலகவதி


சைதாப்பேட்டை
29 ஜூலை 2024

திலகா,

படம் விக்னேஷ் கடையில் இருக்கிறது. இன்னும் தொடவில்லை. ஸ்டுடியோ போட்டோவில் வாய் இறுகி மூடியிருக்கிறது, அதை வைத்தால் முகம் முறைக்கிற மாதிரி ஆகிவிடும் என்கிறான். "முதலாளி, அம்மா சிரிச்ச மாதிரி ஒரு போட்டோ குடுங்க. வாய் எப்டி போவுதுன்னு பாத்துகினு போட்றேன்" என்றான்.

வீட்டில் இருந்த ஆல்பம் எல்லாம் எடுத்துப் பார்த்தேன். ஹேமா மஞ்சள் நீராட்டு, அவள் கல்யாணம், படவேடு ரேணுகாம்பாள் கோயில் போனது, திருப்பதி போனது. எல்லாவற்றிலும் என் பக்கத்தில்தான் நிற்கிறாள். எல்லாவற்றிலும் வாய் மூடியிருக்கிறது. எங்கள் கல்யாண ஆல்பத்தில் பல் தெரியச் சிரிக்கிறாள். ஆனால் அதில் அவளுக்குப் பத்தொன்பது வயசு. அந்த வாயை எடுத்து இந்த முகத்தில் வைத்தால் சேராது என்கிறான்.

ஹேமாவிடம் கேட்டேன். அத்தையிடம் இருக்கும் என்றாள்.

கற்பகம் சிரிக்கிற போட்டோ இருந்தால் கொடுத்தனுப்பு. கையை அழிக்கிறானா இல்லையா என்பது அப்புறம். எனக்குப் போட்டோ வேண்டும்.

வீரபாகு


கொசப்பாளையம்
2 ஆகஸ்ட் 2024

அண்ணனுக்கு,

இருக்கிறது. அனுப்ப மாட்டேன்.

பள்ளியில் நான் ஓய்வு பெற்ற வருடம் பிள்ளைகளின் ஓவியங்களை வைத்து ஒரு கண்காட்சி நடத்தினோம். நீங்கள் வரவில்லை, கல்யாணப் புடவை சீசன் என்றீர்கள். அண்ணி வந்தார். ஆறாவது படிக்கிற ஒரு பெண் என்னை வரைந்திருந்தாள். தலை பூசணிக்காய் அளவு, அதில் கண்ணாடி மட்டும் பாதி. அண்ணி அதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார். ஒரு கையில் டீ, மறு கையில் போண்டா. பொத்திக்கொள்ளக் கை இல்லை. ஹேமா அந்த நேரம் பார்த்துப் போனில் படம் எடுத்துவிட்டாள். எடுத்ததை அவள் மறந்திருப்பாள். நான் பிரிண்ட் போட்டு வைத்திருக்கிறேன்.

முன்பல் இருந்த இடத்தில் இருட்டாக ஓர் ஓட்டை. அதைப் பற்றிய நினைப்பே அந்த முகத்தில் இல்லை. அவ்வளவு அழகான முகத்தை நான் வரைந்ததில்லை.

அதை அனுப்பினால் விக்னேஷ் என்ன செய்வார் என்று எனக்குத் தெரியும். கேட்காமலே பல்லை வைத்துவிடுவார். அவர் தொழில் தர்மம் அது. நீங்களும் வேண்டாம் என்று சொல்ல மாட்டீர்கள்.

பார்க்க வேண்டும் என்றால் என் வீட்டுக்கு வந்து பாருங்கள். கதவு திறந்துதான் இருக்கும். பேச வேண்டியதில்லை. காபி போட்டுத் தருகிறேன், பார்த்துவிட்டுப் போங்கள்.

திலகவதி


சைதாப்பேட்டை
2 செப்டம்பர் 2024

திலகா,

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை ஹேமாவுக்கு வளைகாப்பு. அத்தை முறைக்கு நீ வந்தாக வேண்டும். நீ வராவிட்டால் உட்கார மாட்டேன் என்கிறாள்.

ஹேமா கடைக்கு நேரில் போய்ப் படத்தை வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டாள். "அம்மா அப்படித்தானப்பா சிரிக்கும், இதுல என்னத்த மாத்தப் போறீங்க?" என்று கேட்டாள். அவளுக்கு வேறு எதுவும் தெரியாது. தெரியவும் வேண்டாம். படத்தை யாரும் தொடவில்லை. அப்படியே மாட்டியாயிற்று.

வா. சாப்பிடு. வேறு பேச்சு வேண்டாம்.

வீரபாகு


கொசப்பாளையம்
10 செப்டம்பர் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

வந்தேன், சாப்பிட்டேன், நீங்கள் சொன்னபடி வேறு ஒன்றும் பேசவில்லை. பேசாததை எழுதுகிறேன். இதற்கு மேல் எழுத மாட்டேன்.

உள்ளே நுழைந்ததும் படத்தைத்தான் தேடினேன். நல்ல இடத்தில், வெளிச்சம் விழுகிற மாதிரி மாட்டியிருந்தீர்கள். யாரும் தொடவில்லை என்று எழுதியதும் உண்மைதான். மாலை மட்டும் போட்டிருந்தீர்கள். என் கை பருமனுக்கு ரோஜா மாலை. இரண்டு பக்கமும் தொங்கவிடாமல், நடுவில் குறுக்கே இழுத்துச் சுவரில் ஆணியடித்து நிறுத்தியிருந்தது. மூக்குக்குக் கீழே ஆரம்பித்துக் கழுத்துவரை பூ. கையும் தெரியவில்லை, வாயும் தெரியவில்லை. இரண்டு கண் மட்டும் பூவுக்கு மேலே பார்த்துக்கொண்டிருந்தது.

சம்பந்தியம்மா என் பக்கத்தில் உட்கார்ந்து, "இப்ப நல்லாகீதுங்க, முன்ன ஏதோ மாதிரி இருந்திச்சி" என்றார்கள். ஆமாம் என்றேன். இளவரசன், "டீச்சர் திரும்ப வரைஞ்சி குடுத்துட்டாங்களா?" என்று கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் பாயசத்துக்குப் போய்விட்டான். அன்பழகன் வரவில்லை.

முப்பது வருடம் ஓவியம் சொல்லிக் கொடுத்தேன். ஒரு படத்தை அழிக்காமல், கிழிக்காமல், ஒரு பொட்டுப் பெயின்ட் வைக்காமல், மரியாதை செய்தே இல்லாமல் ஆக்க முடியும் என்று எந்தப் பாடத்திலும் நான் படித்ததில்லை. அந்த ஜெர்மன்காரர்கள் வசை எழுதி மாட்டினார்கள். நீங்கள் பூ வைத்து மாட்டினீர்கள்.

எழுந்து போய் மாலையை இறக்கிவிடலாம் என்று இருந்தது. செய்யவில்லை. அது ஹேமாவின் நாள்.

நீங்கள் அப்போது வாசலில் ஆட்களை வரவேற்றுக்கொண்டிருந்தீர்கள். அதனால் அடுத்து நடந்ததை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். முதல் வளையலைப் படத்தின் முன் வைத்து எடுத்து நான்தான் போட்டேன். கண்ணாடி வளையல். முட்டியில் மாட்டிக்கொண்டு இறங்கவில்லை. "என்னாடி, வளையல் சின்னதா கை பெருசா?" என்றேன். "கை பெருசா இருந்தா எங்கப்பா அழிச்சிடுவாரு அத்தை, ஜாக்கிரதை" என்றாள். சுற்றி இருந்த பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். சிரித்தபோது, சந்தனம் பூசிய வலது கை தானாக மேலே போய் வாயைப் பொத்திக்கொண்டது.

ஹேமாவுக்குப் பல் எல்லாம் இருக்கிறது, அண்ணா. வரிசையாக, வெள்ளையாக, ஒன்றுகூடக் குறையாமல் இருக்கிறது.

கைக்குழந்தையில் இருந்து தாய் சிரிப்பதைப் பார்த்து அவள் கற்றுக்கொண்டது அது. சிரிப்பு என்றால் கையும் சேர்ந்தது என்று நினைத்திருக்கிறாள். போகாத கையைப் போன மாதிரி வரைந்தது பொய் இல்லையா என்று அண்ணி கேட்டாரே, அன்று தலைவலி உதாரணம் சொன்னேன். அதைவிட நல்ல உதாரணம் அண்ணியின் மடியிலேயே வளர்ந்துகொண்டிருந்திருக்கிறது. போகாத பல்லை மறைக்க ஒரு கை. நாளைக்கு அவளுக்குப் பிறக்கப் போகிறதும் அதைப் பார்க்கும்.

நீங்கள் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்பீர்கள் என்று இனி எதிர்பார்க்கவும் இல்லை. கேட்டால் வாங்கிக்கொள்ள வேண்டியவர் இல்லை. எனக்குக் கேட்டு ஒன்றும் ஆகப்போவதில்லை. படத்தைத் திருப்பிக் கேட்பதையும் விட்டுவிட்டேன். அது உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும். பூ வாடும். தினமும் புதுப் பூ வாங்கிப் பழையதைக் கழற்றுவீர்கள். கழற்றுவதற்கும் போடுவதற்கும் நடுவே கொஞ்ச நேரம் இருக்கும். எனக்கு அது போதும்.

அந்த நேரத்தில் செய்ய ஒரே ஒரு வேலை சொல்கிறேன். வகுப்பு எடுக்கிறேன் என்று நினைத்தாலும் சரி. வீட்டில் யாரும் இல்லாதபோது அவர் எதிரே நின்று, உங்கள் வலது கையை வாய்மேல் வைத்துக்கொண்டு, ஒருமுறை சிரித்துப் பாருங்கள்.

திலகவதி